அண்ணாமலை அடிவாரத்தில் எழுந்த வினா



திருவண்ணாமலைக்கு நான் மலையைக் காண்பதற்காகச் செல்லவில்லை. நண்பர் ஒருவருடைய மகளின் நிக்காஹ் வைபவத்திற்காகவே சென்றேன். ஆயினும் அவ்வூருக்கு எதற்காகச் சென்றவரும் மலையைக் காணாமல் திரும்ப முடியாது. விழுப்புரம் வழியாக வந்தாலும் வேலூர் வழியாக வந்தாலும், ஊர் கண்ணில் படுவதற்கு வெகுநேரம் முன்னரே மலை கண்ணில் பட்டுவிடுகிறது. சமவெளியின் நடுவே 2,600 அடிக்கு மேல் தனித்து உயர்ந்து நிற்கும் பாறைமலை. அதன் காலடியில் அண்ணாமலையார் கோயிலும், 11 நிலைகளும் 217 அடி உயரமும் கொண்ட அதன் ராஜகோபுரமும். கார்த்திகைத் திங்களில் உச்சியிலே தீபம் ஏற்றுவார்கள். பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர்ப் பாதையில் மக்கள் வெள்ளமாக நடப்பார்கள். மற்ற ஊர்களில் மலையின்மேல் கோயில் இருக்கும். இவ்வூர் மக்களுக்கோ மலையே தெய்வம். நமது நம்பிக்கை வேறு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம்மவர்களும் இம்மலையைப் பார்த்தே கண்விழித்து, இதன் நிழலிலேயே பள்ளிவாசல் கட்டித் தொழுது வருகின்றனர்.

வலீமா விருந்தின்போது என் அருகே அமர்ந்திருந்தவர் நண்பரின் அண்டைவீட்டார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நெற்றி நிறையத் திருநீறு. வாய் நிறையத் தமிழ். பிரியாணியைத் தவிர்த்து, தமக்கென்று தனியே சமைத்திருந்த சைவ உணவை உண்டுகொண்டே பேசினார். பேச்சின் நடுவே அவர் கேட்ட ஒரு கேள்விதான் இக்கட்டுரை பிறக்கக் காரணம்.

"பாய், வெகு நாளாக ஒரு சந்தேகம். எங்கள் ரமண மகரிஷி, உங்கள் நாகூர் ஆண்டவர், உங்கள் நபிகள் நாயகம் எல்லோருமே மகான்கள்தாமே? இவர்களுக்குள் வித்தியாசம் உண்டா? உண்டென்றால், அது பெரியவர் சிறியவர் என்ற வித்தியாசம்தானா?"

வாசகர்களே, நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் சொன்னதை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது. விருந்து வீடு, முதியவர், அன்பாகக் கேட்கிறார் என்ற தயக்கத்தில், "எல்லா மகான்களும் ஒன்றுதான், ஐயா" என்று சிரித்து வைத்தேன். அவரும் தலையசைத்தார். பேச்சு பாயசத்திற்குத் தாவிவிட்டது.

ஆனால் திரைக்கு அப்பால் அமர்ந்திருந்த என் நண்பரின் தாயார் அதைக் கேட்டுவிட்டார். எண்பதைத் தாண்டிய மூதாட்டி. விருந்தினர் கலைந்த பின் என்னை அழைத்தார். "தம்பி, வந்தவருக்கு மரியாதை கொடுத்தாய், நல்லதுதான். ஆனால் கபுரிலே மலக்குகள் வந்து நம்மை உட்கார வைத்து, 'உன் ஷைகு யார்? உன் வலியுல்லாஹ் யார்?' என்றா கேட்கப் போகிறார்கள்?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் அந்த ஆசிரியரே வந்து, மலைமீதுள்ள குகைகளைக் காட்டுவதாக அழைத்தார். வழிபாட்டிற்காக அன்று, ஊரைக் காணும் பயணியாகச் சென்றேன். ரமணாசிரமத்தின் பின்புறமிருந்து கற்கள் பாவிய பாதை மேலேறுகிறது. வெயில் ஏறுமுன் நடந்தால் சிரமமில்லை. ஏறும்போதே ஆசிரியர் மகரிஷியின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு வந்தார். அதில் நாம் அறிந்துகொள்ள வேண்டியவை உள்ளன.

1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-இல் திருச்சுழியில் பிறந்தவர் வேங்கடராமன். மதுரையில் பள்ளியில் பயின்றுகொண்டிருந்தபோது, 1896-இல், பதினாறு வயதில், திடீரென மரண பயம் அவரை ஆட்கொண்டது. 'சாவது எது? உடல் செத்தால் நான் என்பது சாகுமா?' என்ற விசாரத்தில் மூழ்கினார். சில வாரங்களில் வீட்டில் சொல்லாமல் புறப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அன்று வந்தவர் 1950 ஏப்ரல் 14-ஆம் நாள் உயிர் பிரியும்வரை, ஏறத்தாழ 54 ஆண்டுகள், இவ்வூரையும் மலைச் சுற்றுப்புறத்தையும் விட்டு அகலவே இல்லை. 1898-இல் தாயார் அழகம்மாள் தேடி வந்து, வீட்டுக்குத் திரும்புமாறு அழுது மன்றாடினார். மகன் வாய் திறக்கவில்லை. அருகிலிருந்தவர்கள் வேண்டவே, நடப்பது விதிப்படி நடக்கும், மௌனமாயிருப்பதே நலம் என்ற கருத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தாயார் திரும்பிச் சென்றார். பிற்காலத்தில் அவரே வந்து மகனுடன் தங்கி, 1922-இல் இங்கேயே மறைந்தார்.

நாங்கள் முதலில் கந்தாசிரமத்தை அடைந்தோம். மரங்களின் நிழலில், சிறு நீரூற்றின் அருகே அமைந்த இடம். அங்கிருந்து சற்று இறங்கினால் விரூபாட்ச குகை. 1899 முதல் 1916 வரை மகரிஷி வாழ்ந்தது அக்குகையில். அதன் பின் 1922 வரை கந்தாசிரமத்தில். மலையிலிருந்து அவர் அடிவாரத்திற்கு இறங்கி வந்ததுகூடத் தாயாரின் சமாதி அங்கே அமைந்ததால்தான்.

குகையின் வாயிலில் அமர்ந்து இளைப்பாறினோம். கீழே கோயிலின் ஒன்பது கோபுரங்களும் ஒரு வரைபடம்போலத் தெரிந்தன. ஆசிரியர் விரல் நீட்டிச் சொன்னார்: "பாய், அதோ தெரிகிறதே, ஆயிரங்கால் மண்டபம். மகரிஷி முதன்முதலில் அமர்ந்தது அங்கேதான். ஊர்ச் சிறுவர்கள் பைத்தியக்காரன் என்று எண்ணிக் கல்லெறிந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து, பக்கத்திலே நிலத்தடியில் இருக்கும் பாதாள லிங்கக் குழிக்குள் போய் இருட்டில் உட்கார்ந்துவிட்டார். பூச்சிகள் கடித்துத் தொடையெல்லாம் புண். அதுவும் அவருக்குத் தெரியவில்லை. சேஷாத்ரி சுவாமிகள்தான் அவரைக் காத்தார்."

கல்லெறிந்தார்கள் என்ற சொல் காதில் விழுந்ததும் என் மனம் தாயிஃபுக்குச் சென்றது. நமது வீடுகளில் மீலாது மாதத்தில் கேட்டுக் கேட்டுக் கண்ணீர் விட்ட நிகழ்ச்சியல்லவா அது! நபித்துவம் பெற்றுப் பத்தாம் ஆண்டு. அன்னை கதீஜா (ரலி) மறைந்துவிட்டார்கள். அரணாக நின்ற அபூதாலிபும் மறைந்துவிட்டார். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களுடன் தாயிஃப் சென்றார்கள். தலைவர்கள் ஏளனம் செய்ததோடு, சிறுவர்களையும் அடிமைகளையும் ஏவிவிட்டுக் கல்லால் அடிக்கச் செய்தனர். பாதணிகள் குருதியில் நனைந்தன. மலைகளுக்கான வானவர் தோன்றி, இசைவளித்தால் இவர்களை இரு மலைகளுக்கிடையே நசுக்கிவிடுவதாகச் சொன்னபோது பெருமானார் மறுத்துவிட்டார்கள். இவர்கள் ஏற்காவிட்டாலும் இவர்களின் சந்ததியார் இறைவனை வணங்கக்கூடும் என்று நம்பினார்கள். அதன்பின் எங்கே சென்றார்கள்? இருட்டறைக்கன்று, குகைக்கன்று. தம்மை வெறுத்தவர்கள் நிறைந்த அதே மக்கா நகருக்கே திரும்பினார்கள்.

இரண்டு இடத்திலும் கல். இரண்டு இடத்திலும் பொறுமை. ஆயினும் இங்கே கல்லெறிந்த சிறுவர்களிடம் அந்தத் துறவிக்கு எந்த அலுவலும் இல்லை. அவர்கள் போனால் போதும். அவருடைய நிட்டை கலையாதிருந்தால் போதும். தாயிஃபின் சிறுவர்களிடமோ நாயகத்துக்கு அலுவல் இருந்தது. அவர்களுக்காகத்தான் அனுப்பப்பட்டார்கள். கல்லெறிகிறார்கள் என்பதற்காக விட்டுவிட முடியாது.

முந்தைய நாள் நான் சொல்லத் தவறிய விடை அந்தக் குகை வாசலில்தான் எனக்குப் புலப்படத் தொடங்கியது. அப்போதுதான் அல்லாமா இக்பால் நினைவுக்கு வந்தார். 1929 ஜனவரியில் அவர் சென்னைக்கு வந்து உரையாற்றியதை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். பெருவணிகரும் கல்விக் கொடையாளருமான ஜமால் முஹம்மது சாகிப் முன்னின்ற அழைப்பு அது. (வியப்பு என்னவென்றால், மகரிஷியைச் சிறுவயதில் காத்த சேஷாத்ரி சுவாமிகள் திருவண்ணாமலையில் மறைந்ததும் அதே 1929 ஜனவரியில்தான்.) சென்னையில் தொடங்கிய அவ்வுரைகள் பின்னர் நூலாயின. அந்நூலின் ஐந்தாம் உரை, ஷைகு அப்துல் குத்தூஸ் கங்கோஹி (ரஹ்) என்ற இறைநேசர் சொன்னதாக வரும் ஒரு கூற்றோடு தொடங்குகிறது. நாயகம் மிஃராஜில் உச்ச வானம்வரை சென்று திரும்பி வந்தார்கள். நான் அவ்விடத்தை அடைந்திருந்தால் திரும்பியே இருக்கமாட்டேன் என்று அந்த ஷைகு இறைவன்மேல் ஆணையிட்டாராம். பெருமை பேச அவர் சொன்னதன்று. தம் எல்லை எது என்று தாமே காட்டிக் கொடுத்த வார்த்தை அது. வலீயின் உள்ளத்துக்கும் நபியின் உள்ளத்துக்கும் உள்ள வேற்றுமையை இதைவிடக் கூர்மையாகக் காட்டும் ஒரு வாசகம் சூஃபி இலக்கியத்தில் கிடைப்பது அரிது என்பது இக்பாலின் கருத்து.

சகோதரிகளே, சற்று எண்ணிப் பாருங்கள். மிஃராஜிலிருந்து நாயகம் (ஸல்) அவர்கள் வெறுங்கையுடன் திரும்பவில்லை. ஐம்பது நேரமாக விதிக்கப்பட்டதை, மூஸா (அலை) அவர்களின் ஆலோசனையின்படி மீண்டும் மீண்டும் இரந்து, ஐந்து நேரமாகக் குறைத்து வாங்கி வந்தார்கள். யாருக்காக? அடுப்பில் சோறு கொதிக்கையில் லுஹர் தப்பிவிடுமோ என்று பதறும் உங்களுக்காக. கடையைப் பாதி சாத்திவிட்டுப் பள்ளிக்கு ஓடும் உங்கள் கணவருக்காக. உச்ச வானத்தில் நின்ற நேரத்திலும் நம் வீட்டு அன்றாட வாழ்க்கை அவர்கள் கருத்தில் இருந்தது.

இன்னொரு மலையையும் எண்ணிப் பார்த்தேன். மக்காவின் ஹிரா குகை. நபித்துவத்திற்கு முன் பெருமானாரும் அங்கே தனித்திருந்தவர்கள்தாம். ஆனால் கி.பி. 610-இல் வஹீ இறங்கியதும் நடுநடுங்கி இறங்கி வந்தார்கள். வீட்டுக்கு, மனைவியிடம் வந்தார்கள். போர்த்திவிடுமாறு கேட்டார்கள். பின்னர் வந்த கட்டளை, போர்வைக்குள் இருந்தவரை எழுந்து நின்று எச்சரிக்கச் சொன்னது. மகரிஷியின் மிகப் பெரிய உபதேசம் மௌனம் என்று அவருடைய அன்பர்கள் போற்றுகிறார்கள். ஞானிக்கு மௌனம் அழகாக இருக்கலாம். நபிக்கு மௌனம் அனுமதிக்கப்படவே இல்லை. எடுத்துரைக்காவிட்டால் தூதை நிறைவேற்றியவர் ஆகமாட்டீர் என்ற கருத்தில் அல்மாயிதா அத்தியாயத்தில் இறைவன் எச்சரிக்கிறான்.

யூனுஸ் (அலை) அவர்களின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு மீன் கதையாகச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அதன் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. ஊரார் கேட்கவில்லை என்று வெறுத்து ஊரை விட்டுப் போவது ஒரு துறவிக்குக் குற்றமாகாது, புகழ்கூடச் சேரும். யூனுஸ் (அலை) அவர்கள் இறைவனின் அனுமதி வருமுன் அவ்வாறு போனார்கள். கடலும் மீனும் இருளுமாக அவர்களைத் தடுத்து, மன்றாட வைத்து, மீண்டும் அந்த மக்களிடமே அனுப்பினான் இறைவன். இம்முறை அவ்வூரார் இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஈமான் கொண்டார்கள் என்று இறைமறை கூறுகிறது.

இனி நம் பெரியார்கள் வகுத்த இலக்கணத்தையும் சொல்லிவிடுகிறேன். நபி என்ற சொல்லில் செய்தி என்ற பொருள் பொதிந்துள்ளது. வலீ என்ற சொல்லில் நெருக்கம் என்ற பொருள். (உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் வரும் விலாதத்துக் காண்டத்தை 'விலாயத்துக் காண்டம்' என்று சிலர் படிக்கிறார்கள். விலாதத்து என்றால் பிறப்பு. விலாயத்து வேறு.) இறைநேசர்களுக்கு அச்சமில்லை, கவலையில்லை என்று யூனுஸ் அத்தியாயத்தில் கூறிய இறைவன், அவர்கள் யார் என்பதையும் அடுத்தே கூறிவிடுகிறான். ஈமான் கொண்டு இறையச்சத்துடன் வாழ்பவர்களே அவர்கள். ஆகவே அந்த வாயில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. இறுதி நாள்வரை திறந்திருக்கும். நபித்துவமோ முயன்று பெறுவதன்று, இறைவன் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது, நாயகத்தோடு முத்திரையிடப்பட்டுவிட்டது. நபிமார்கள் பாவத்தினின்று காக்கப்பட்ட மஃஸூம்கள். வலிமார்களை இறைவன் தன் அருளால் பாதுகாக்கிறான். ஆனால் தவறே நேராது என்ற உறுதி அவர்களுக்கு இல்லை. நபி தம் முஃஜிஸாவை ஊரறியக் காட்டிச் சான்றாக்க வேண்டும். வலீயோ தம் கராமத்தை மறைக்கவே விரும்புவார். ஒரு வலீயின் கராமத்து அவருடைய நபியின் முஃஜிஸாவிலேயே சேரும் என்பது அறிஞர் கூற்று. நபிமார்களில் ஒருவரே வலிமார்கள் அனைவரையும்விடச் சிறந்தவர் என்று இமாம் தஹாவீ (ரஹ்) தமது அகீதா நூலில் அறுதியிட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டிய தேவை ஏன் வந்தது தெரியுமா? நபி மக்களை நோக்குகிறார், வலீ இறைவனை நோக்குகிறார், ஆகவே வலீயே மேல் என்று சொல்லித் திரிந்தவர்களும் இருந்தார்கள். இமாம் ரப்பானீ ஷைகு அஹ்மத் ஸர்ஹிந்தீ (ரஹ்) இதைக் கடுமையாக மறுத்தார்கள். நபி மக்களை நோக்கும்போது இறைவனை விட்டு முகம் திருப்புவதில்லை. இரண்டு பக்கமும் ஒருசேர நோக்கும் வலிமை நபிக்கே உரியது என்று விளக்கினார்கள்.

ஏட்டில் இருப்பதோடு இது முடிவதில்லை; நம் வீட்டுக்குள்ளும் வருகிறது. என் உறவினர் ஒருவரின் இல்லத்தில் நிச்சயிக்கப்பட்டிருந்த ஒரு திருமணம் நின்று போயிற்று. மாப்பிள்ளையிடம் குறையில்லை, பெண்ணிடமும் குறையில்லை. குடும்பத்தார் பெரிதும் மதித்த ஒருவர், இந்தச் சம்பந்தம் ஆகாது என்று கனவில் கண்டதாகச் சொன்னார். அவர் பெயர் இங்கே வேண்டாம். "ஹஜ்ரத் கண்ட கனவு பொய்க்குமா?" என்று பெண்ணின் தந்தையே பத்திரிகை அச்சடித்த பின் நிறுத்திவிட்டார். அப்பெண்ணுக்கு அதன்பின் வரன் அமைய ஒன்பது ஆண்டுகள் ஆயின. ஊரார் வாய் சும்மா இருக்குமா?

இப்ராஹீம் (அலை) அவர்கள் மகனை அறுப்பதாகக் கனவு கண்டார்கள், கத்தியை எடுத்தார்கள். மகனும் இசைந்தார். நபியின் கனவு வஹீ. அதே கனவை உலகிலேயே உயர்ந்த வலியுல்லாஹ் ஒருவர் கண்டு கத்தியை எடுத்தாரென்றால் என்ன ஆகும்? அவர் கொலைகாரர். ஷரீஅத் அவரைப் பிடித்துக்கொள்ளும். அல்கஹ்ஃபு அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்கள் சந்தித்த நல்லடியாரான கிழ்ரு (அலை) அவர்கள் நபியா, வலீயா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நபி என்று கொண்டவர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்று இதுதான்: சிறுவன் ஒருவனின் உயிரைப் போக்கும் செயலை வஹீ இல்லாமல் அவர்கள் செய்திருக்க முடியாது. ஒரு வலீயின் உள்ளத்தில் உதிக்கும் இல்ஹாம் அவருக்கு நன்மையாக இருக்கலாம்; பிறர் வீட்டுத் திருமணத்தை நிறுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை.

இதைப் படித்துவிட்டு, வலிமார்களே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். குகை வாசலில் இதையெல்லாம் என் சிற்றறிவுக்கு எட்டியவாறு ஆசிரியரிடம் சொல்லி, முந்தைய நாள் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். மகரிஷியை வலீ என்று அழைக்க நம் கொள்கை இடம் தராது. அச்சொல் ஈமானோடு கட்டுண்டது. அவருடைய அன்பர்களும் அப்பெயரைக் கேட்கவில்லை. அவர் தமக்கென்று ஒரு சட்டமோ தூதோ கொண்டு வந்ததாகச் சொன்னதும் இல்லை. ஆகவே நபியோடு அவரை நிறுத்தி உயரம் அளப்பது அவருக்கும் பொருந்தாது என்றேன். ஆசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. சற்று நேரம் கோபுரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்படியானால் நாகூர் ஆண்டவர் எதற்கு, பாய்? நபி ஒருவரே போதுமே?" என்றார்.

நான் விடை தேடுவதற்குள் அவரே வேறொன்றைத் தொடங்கினார். கோயிலுக்குள் தெரிந்த ஒரு கோபுரத்தைக் காட்டி, "அது வல்லாள மகாராஜா கோபுரம். கதை தெரியுமா?" என்றார்.

தெரியும். போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் தம் இறுதிக் காலத்தில் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்தவர். மதுரைச் சுல்தான் கியாஸுத்தீன் தம்கானியுடன் கண்ணனூரில் நிகழ்ந்த போரில் முதுமைப் பருவத்தில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். இதைப் பிறர் சொல்லி நாம் கேட்க வேண்டியதில்லை. அந்தச் சுல்தானின் சகலையும் மார்க்க அறிஞருமான இப்னு பதூதாவே எழுதி வைத்திருக்கிறார். அச்சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும்கூடக் கொன்றதைக் கண்டு அவர் உள்ளம் வெறுத்து, இதனால்தான் இறைவன் அவன் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் எழுதினார். வல்லாளருக்குப் பிள்ளையில்லை என்பது கோயில் கதை. ஆகவே அண்ணாமலையாரே மகனாகி, ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருளி அவருக்குத் திதி கொடுப்பதாக இன்றும் சடங்கு நடக்கிறது.

நான் தலைகுனிந்தேன். சுல்தானின் பெயரும் நம் பெயர்தானே.

ஆசிரியர் என் தோளைத் தொட்டார். "உங்களை நோகடிக்கச் சொல்லவில்லை, பாய். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வளர்த்த என் தாயார்தான் ஆண்டுதோறும் என்னை நாகூருக்கும் கூட்டிக்கொண்டு போனார். எனக்குச் சிறுவயதில் வலிப்பு. அங்கே போய் மொட்டையடிப்பார். அந்தச் சுல்தானும் உங்கள் ஆள், நாகூராரும் உங்கள் ஆள். அது எப்படி என்றுதான் எனக்கு விளங்கவில்லை."

அவர் கேட்ட வினாவுக்கு விடை அவருடைய கதைக்குள்ளேயே இருந்தது. இத்தமிழ் மண்ணில் யாரும் நாயகத்தைக் கண்ணால் கண்டதில்லை. அவர்களுடைய வார்த்தை கேட்டவர் வாயிலாக வந்தது. வாழ்க்கையோ அதை வாழ்ந்தவர் வாயிலாகத்தான் வந்தது. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் அடங்கிய ஸதகத்துல்லாஹ் அப்பா (ரஹ்) போன்றோர் கற்றுக் கொடுத்தும் வாழ்ந்தும் காட்டினார்கள். தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்து, சதுரகிரி முதலிய மலைகளில் தவமிருந்து, இறுதியில் சென்னை இராயபுரம் பக்கம் தங்கி 1838-இல் மறைந்த மஸ்தான் சாகிபு (ரஹ்) மலையிலேயே இருந்துவிடவில்லை; ஊருக்கு வந்தார். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் என்ற சைவப் புலவர் அவர்மீது நான்மணிமாலை பாடும் அளவுக்கு மக்களோடு கலந்தார். நாகூரின் 131 அடிப் பெரிய மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். வாளோடு வந்த சுல்தானுக்கு இந்த மண்ணில் மினாரா எழுப்பியவர் எவருமில்லை. நாகூரார் நபியல்லர், ஆனால் நபியின் அடிச்சுவட்டில் நடந்தவர். அந்த நடையைப் பார்த்துத்தான் உங்கள் தாயார் வந்தார் என்று சொன்னேன்.

மலையை விட்டு இறங்கியதும் உவைஸுல் கர்னீ (ரஹ்) அவர்களைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். யமன் நாட்டவர், நாயகத்தின் காலத்திலேயே வாழ்ந்தும் நேரில் காணாதவர். தாயாருக்குப் பணிவிடை செய்ய வேண்டியிருந்ததால் வர இயலவில்லை என்பது நம்மிடையே வழங்கும் வரலாறு. ஆனால் அவரைச் சந்தித்தால் பாவமன்னிப்புக்காகத் துஆச் செய்யுமாறு கேளுங்கள் என்று நாயகமே சொல்லிச் சென்றார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் யமன் நாட்டுக் கூட்டங்கள் வரும்போதெல்லாம் விசாரித்து விசாரித்து, கடைசியில் கண்டுபிடித்துத் துஆக் கேட்டார்கள். அத்தகைய வலியுல்லாஹ்! ஆயினும் நாயகத்தைக் கண்ணால் கண்டு ஈமான் கொண்ட ஒரு சாதாரண ஸஹாபியின் தகுதி அவருக்கு இல்லை என்பதே நம் அறிஞர் முடிவு. ஆசிரியர் நின்றுவிட்டார். "தாயாருக்காக நின்றவரா? மகரிஷி தாயாரை அனுப்பிவிட்டார்; இவர் தாயாருக்காக நபியையே பார்க்காமல் இருந்துவிட்டாரா?" என்று இருமுறை கேட்டார். அப்புறம் தெருமுனை வரும்வரை ஒன்றும் பேசவில்லை.

அன்று மஃரிபுக்குப் பள்ளிவாசல் சென்று திரும்பினேன். பாங்கு சொல்லும் வேளையில் மலையின் நிழல் ஊர்மீது விழுந்து தெருவெல்லாம் குளிர்ந்திருந்தது. நண்பரின் தாயார் முற்றத்தில் தஸ்பீஹுடன் அமர்ந்திருந்தார். "வாத்தியாரிடம் சரியாகச் சொன்னாயா, தம்பி?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "நீ நாகப்பட்டினத்துக்காரன்தானே? நாகூர் வழியாகத்தானே ஊருக்குப் போவாய்?" என்றார். ஆமென்றேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, இரண்டு பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து என் கையில் வைத்தார். ஒன்றை அங்கே வாசலில் அமர்ந்திருக்கும் ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னார்.

"இன்னொன்று?" என்றேன்.

"அது வாத்தியாருடைய அம்மா பேரிலே கொடு. அவள் இப்போது இல்லை."